ஐந்தாம் தொகுதி

ஜனவரி 11

தம்பிக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. எனக்குப் புத்தகம் வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

நான் மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். ஐந்தாவது மாதம். உன் அத்தானைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையை உன் சபைக்குக் கொண்டு வந்து உன் கையால் ஞானஸ்நானம் வாங்குவதா, இல்லை உன் முகத்திலும் உன் சபையார் முகத்திலும் இனி விழிப்பதே இல்லையா என்று நான் முடிவு செய்தாக வேண்டும்.

போன முறை நடந்ததை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய், அதனால் எழுதியே வைக்கிறேன். என் மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மத்தியானம் வார்டுக்கு வெளியே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தேன். "டாக்டர் முகமே சரியில்லடா, வந்து ஒரு கை தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் கொடுத்துட்டுப் போ" என்றேன். நீ, "அக்கா, அது சபை நடுவுல கொடுக்கறது. ஆஸ்பத்திரியில கொடுக்கறது நம்ம முறை இல்ல. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம், அதுக்குள்ள தேறிடுவா" என்றாய். ஞாயிறு வரை அவள் இருக்கவில்லை. அடக்க ஆராதனையை நீதான் நடத்தினாய். குறை சொல்ல முடியாதபடி நடத்தினாய். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான்.

நம்ம முறை, நம்ம முறை என்கிறாயே, அது எங்கே எழுதியிருக்கிறது என்று நானே படித்துப் பார்க்கப் போகிறேன். உன் அலமாரியில் இருக்கிற பெரிய பெரிய இறையியல் புத்தகங்கள், எல்லாப் போதனைகளையும் தலைப்பு வாரியாக அடுக்கி எழுதியவை, சீர்திருத்த மரபு என்று சொல்லும்போதே உனக்கு நெஞ்சு நிமிருமே, அந்த மரபுக்காரர்கள் எழுதியவை. அதில் எதைப் படிப்பது, எதை விடுவது, எதில் ஆரம்பிப்பது என்று எழுது. ஆங்கிலம் மெதுவாகப் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.

போன் செய்யாதே. போனில் நீ பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவாய், எனக்கு இடையில் நிறுத்தத் தெரியாது. எழுத்தில் நீ கொஞ்சம் மனுஷனாக இருப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தபோது நான் சபைக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே டயர்க்கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு, "என்னங்கய்யா, கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்லங்க, எங்கக்கா எழுதியிருக்கா" என்றேன். "அதுக்கா இப்படி உக்காந்துட்டீங்க" என்று மறுபடி பம்பைப் போட்டார். அவருக்கு என்ன தெரியும்.

பிள்ளை உண்டாகியிருக்கிற செய்திக்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். சந்தோஷம் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். எழுதாமல் விட்டாலும் வரும். எனக்குச் சந்தோஷம், அக்கா.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்குத் தெரிந்த விஷயம், அதனால் நீளும், பொறுத்துக்கொள்.

இவற்றில் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் மெல்லிசாக உண்டு, செங்கல் மாதிரி ஒரே தொகுதியாக உண்டு, அலமாரியில் ஒரு தட்டையே அடைத்துக்கொள்கிற பல தொகுதிகளும் உண்டு. பலரும் கனத்தைப் பார்த்து மரியாதை கொடுத்துவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. எழுதியவர் எதிர்த்தரப்பு சொல்வதை நேர்மையாக எடுத்துச் சொல்கிறாரா என்று முதலில் பார். எதிராளியை முட்டாளாக்கிவிட்டுத்தான் தன் கட்சியைப் பேசுவார் என்றால் அப்போதே மூடி வைத்துவிடலாம். வசன எண்களை மூட்டை கட்டி அடியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாரா, வசனத்தை எடுத்து விளக்குகிறாரா என்று பார். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுகிறாரா என்றும் பார், அதற்குத் துணிகிறவர்கள் குறைவு. இந்தக் காலத்தவர்கள் எழுதியது எளிதாக ஓடும். பழையவர்கள் வாக்கியம் நம்மை மூச்சு வாங்க வைக்கும், ஆனால் அவர்கள் எழுதிய வீடுகளில் சாவு அடிக்கடி வந்து போனது. அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை, சரி, அதை விடு.

தமிழில் வந்திருக்கிற பச்சை அட்டை மெல்லிசுப் புத்தகத்தையும், பழைய பேராசிரியர் ஒருவர் எழுதிய ஐந்து தொகுதிகளில் முதல் தொகுதியையும் அனுப்புகிறேன். அவர்தான் எனக்கு உயிர். முதல் தொகுதி தேவனை நாம் எப்படி அறிகிறோம், வேதம் என்றால் என்ன என்பதைப் பற்றியது. அதை முடித்ததும் எழுது, இரண்டாவதை அனுப்புகிறேன். இறையியல் கல்லூரியில் எங்களுக்கு ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட அனுமதி கிடையாது. என் சபையில் கேட்கிறவர்களுக்கும் நான் அப்படித்தான் கொடுக்கிறேன். போதனைகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, நடுவிலிருந்து உருவினால் தப்பாகத்தான் புரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலைக்கு இன்னும் போகிறாயா?

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

வேலைக்குப் போகிறேன். உட்கார்ந்து பொய்ப்பல் கட்டுகிற வேலைதானே. பிளாஸ்டர் தூசி மட்டும் ஆகாது என்று முதலாளி என்னை அச்சு ஊற்றும் மேசையிலிருந்து மெழுகு மேசைக்கு மாற்றிவிட்டார். நல்ல மனுஷர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் முதல் தொகுதியை மெழுகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். "இவ்ளோ பெரிய புத்தகம், அகராதியாம்மா?" என்று கேட்டார். கடவுளைப் பற்றி, சார் என்றேன். "அவரைப் பத்தி இவ்ளோவா எழுதியிருக்காங்க" என்று போய்விட்டார்.

பச்சை அட்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டிய இடத்தில் ஒரு பத்தியோடு நகர்ந்துவிடுகிறது, பயந்தவன் தெருநாயைத் தாண்டுகிற மாதிரி. உன் பேராசிரியர் அப்படி இல்லை. ஒத்துக்கொள்கிறேன், மனுஷன் அவசரப்படுவதில்லை, எதிராளி சொல்வதை எதிராளியே சொல்லியிருக்க முடியாத அளவுக்கு அழகாகச் சொல்கிறார், அப்புறம்தான் பதில். அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தொகுதி முழுக்க நாம் எப்படி அறிகிறோம், எப்படி அறிகிறோம் என்றே போகிறது. எனக்கு அறிய வேண்டியது ஒன்றுதான். அது எங்கே என்று கடைசிப் பக்கங்களில் ஐந்து தொகுதிகளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிற பொருளடக்கத்தில் தேடினேன். குழந்தை ஞானஸ்நானம், ஐந்தாம் தொகுதி என்று போட்டிருக்கிறது.

அந்த ஐந்தாம் தொகுதியை அனுப்பு. நடுவில் இருப்பதை அப்புறம் படித்துக்கொள்கிறேன்.

வரிசை, வரிசை என்று எனக்குச் சொல்லாதே. என் வேலையிலும் வரிசை உண்டு. அளவு எடுத்து, அச்சு ஊற்றி, மெழுகில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் பல். ஆனால் ஈறு கிழிந்து ரத்தத்தோடு ஒருத்தர் வந்து நின்றால் எது குத்துகிறதோ அந்த இடத்தைத்தான் முதலில் ராவுவோம். உன் சபையில் உனக்கு அப்படி யாரும் வந்து நின்றதில்லையா?

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாம் தொகுதியை அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதே, முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

ஞானஸ்நானத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது, தேவன் தம் மக்களோடு செய்த உடன்படிக்கையைப் பற்றி எழுதியதன் மேல் நிற்கிறது. அது, தேவன் தம்முடையவர்களை முன்பே தேர்ந்தெடுக்கிற தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அவர் எழுதியதன் மேல் நிற்கிறது. அது இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. ஐந்தாவதை நேராகப் பிரித்தால் ஒரு வாக்கியம் உன்னைப் போட்டு அடிக்கும், அந்த அடிக்கு மருந்து இரண்டாம் தொகுதியில் இருக்கும், அது உன் கையில் இருக்காது.

நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். நேராகவே சொல்கிறேன். ஞானஸ்நானம் ஒரு திருநியமம். அது வார்த்தையோடும் சபையோடும் சேர்ந்து நிற்கிறது. அது ஒரு போதகனின் கையில் இருக்கிற தாயத்து இல்லை, ஆபத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. தனியறையில், ஆள் இல்லாத இடத்தில், அவசரத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை நம் முன்னோர்கள் காரணத்தோடுதான் விட்டார்கள். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் இதைப் பார்ப்பாய். நான் எனக்காக உண்டாக்கின சட்டம் இல்லை இது. உன் மகள் என்பதால் ஒரு முறை, டயர்க்கடைக்காரர் மகள் என்றால் ஒரு முறை என்று நான் நடந்திருந்தால் நீயே என்னை மதித்திருக்க மாட்டாய்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை மாற்றுவது என்று தெரியவில்லை.

இரண்டாவதை முடித்ததும் எழுது.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

இரண்டாம் தொகுதியைப் படித்தேன். தேவன் உலகம் தோன்றுவதற்கு முன்பே சிலரைத் தெரிந்துகொண்டார் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. நீ ஐந்தாவதை அனுப்ப மறுப்பது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதில் இருப்பது என் மகளுக்கு எதிராக இருக்கிறது, எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. வரிசை கிரிசை எல்லாம் நாள் கடத்தல். அப்படித்தானே?

அதனால் நானே போனேன். இந்த ஊரில் ஓர் இறையியல் கல்லூரி இருக்கிறது. நூலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். "எந்தத் தலைப்பு வேணும்மா?" என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், "ஞானஸ்நானம் வாங்காம செத்துப்போன குழந்தைங்க." அவர் என் வயிற்றைப் பார்த்தார். கை வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். மூன்று நான்கு புத்தகங்களை எடுத்து, பக்கத்தையும் அவரே பிரித்து, என் முன்னால் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

எல்லாரும் உன் மரபுக்காரர்கள்தான், ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர், குழந்தையாய்ச் சாகிற எல்லாருமே தேவனுடையவர்கள் என்கிறார், தயங்காமல். இன்னொருவர், அதைப் பற்றி வேதம் பேசவில்லை, நானும் பேச மாட்டேன் என்று ஒரே வரியில் முடிக்கிறார். உன் பேராசிரியரின் ஐந்தாம் தொகுதியும் அங்கே இருந்தது. விசுவாசிகளின் பிள்ளைகள் சிறு வயதில் இறந்தால் பெற்றோர் அவர்களுடைய இரட்சிப்பைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். நீ சொன்ன மாதிரி அந்த வாக்கியம்தான் என்னைப் போட்டு அடித்தது. ஆனால் நீ நினைத்த இடத்தில் இல்லை.

விசுவாசிகளின் பிள்ளைகள் என்று போட்டிருக்கிறது, தம்பி.

உன் அத்தானை உனக்குத் தெரியும். சபைக்கு என்னைக் கொண்டு வந்து விட்டுவிட்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் டயர்க்கடையில் பேச்சுக்கொடுத்துக்கொண்டு இருப்பார். அவர் கணக்கில் வர மாட்டார். அப்படியானால் இருந்தது நான் ஒருத்திதான். உனக்குப் போன் செய்வதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. அப்போது நான் மேலே பார்த்து வாய்விட்டுச் சொன்னேன், "நீ இல்ல. நீ இருந்தா இதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க மாட்டே. நீ இல்ல." நர்ஸ் கேட்டிருப்பாள். வேண்டுமென்றே சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

இதுதான் எனக்குப் புத்தகம் வேண்டியிருந்ததற்குக் காரணம். நீ தண்ணீர் கொண்டு வந்திருந்தால் என் பங்கு எப்படிப் போனாலும் அவளுக்கு ஒன்று கிடைத்திருக்கும் என்று நினைத்தேன், அதனால்தான் உன்மேல் இவ்வளவு கோபம். தண்ணீரும் இல்லை. அம்மா விசுவாசியும் இல்லை. அந்த நேரத்தில் என் பிள்ளை யாருடைய பிள்ளை? இதற்கு மட்டும் பதில் எழுது. புத்தகம் அனுப்ப வேண்டாம்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

மற்ற மூன்று தொகுதிகளையும் இன்றே அனுப்பிவிட்டேன். நீ வேண்டாம் என்றாலும் அவை உன் வீட்டில் இருக்கட்டும். நாள் கடத்தினேன் என்றாய். ஐந்தாவதில் உன் மகளுக்கு எதிராக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை நீ படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது எனக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு வரிசை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அந்த நூலக அம்மாவிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல்.

முதலில் ஒன்று. அன்றைக்கு நீ போனில் கேட்டபோது, தண்ணீர் படாமல் போனால் அவள் இழந்துபோவாள் என்று ஒரு நொடி நான் நம்பியிருந்தால், செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருப்பேன். முறை எல்லாம் அப்புறம். அவள் ஏற்கெனவே அவருடையவள், தண்ணீர் அதைச் சொல்லும் முத்திரைதானே தவிர அதை உண்டாக்குவதில்லை என்று நம்பினதால்தான் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கலாம் என்றேன். என் மனதில் இது அவ்வளவு வெளிச்சமாக இருந்ததால் உனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். உனக்கு என் வாயிலிருந்து வந்தது "நம்ம முறை இல்ல" என்பது மட்டும்தான். இதைப் பிப்ரவரிக் கடிதத்தில்கூட நான் எழுதவில்லை. தாயத்தைப் பற்றி எழுதினேன்.

இப்போது நீ கேட்டது.

நீ அந்த வார்த்தையைச் சொன்னது யாரிடம்? இல்லாத ஒருவரை "நீ" என்று யாரும் கூப்பிடுவதில்லை, அக்கா. சண்டை போடுகிறவள் எதிரில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துதான் போடுகிறாள். வேதத்தில் தேவனோடு இதைவிட மோசமாகப் பேசினவர்கள் இருக்கிறார்கள், அவர் அவர்களைத் தம் மக்களின் பட்டியலிலிருந்து அடித்துவிடவில்லை. அப்புறம் அங்கிருந்து நீ நேராக எங்கே போனாய்? கை கழுவும் தொட்டிக்கு. என்னைக் கூப்பிட்டு, என் பிள்ளைக்கு அவர் பெயரால் ஞானஸ்நானம் கொடு என்றாய். அவர் இல்லை என்று முடிவு செய்தவள் அதைக் கேட்பாளா? என் சபையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல்ல துணி உடுத்தி வருகிறவர்களில் எத்தனை பேர் அவ்வளவு தவிப்போடு கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் இதன்மேல் உன் பாரத்தைப் போடாதே. நாளைக்கே உனக்கு இதுவும் ஆட்டம் காணும், அன்றைக்கு நான் நம்பினேனா நம்பவில்லையா என்று மறுபடி தோண்டுவாய். விசுவாசிகளின் பிள்ளைகள் என்று எழுதியிருப்பது தாயின் பிடி எவ்வளவு உறுதி என்று அளப்பதற்கு இல்லை. உன் பிள்ளைகளுக்கும் நான் தேவன் என்று சொன்னது அவர். அந்தச் சொல்லைக் காப்பது அவர் வேலை. ஒரு மத்தியானத்தில் உன் கை விட்டதால் அவர் கையும் விட்டுவிடும் என்று எந்தத் தொகுதியிலும் இல்லை. அப்படி இருந்தால் அந்தத் தொகுதியை நான் கொளுத்துவேன்.

எது நல்ல புத்தகம் என்று ஜனவரியில் கேட்டாய், பெரிய விளக்கம் எழுதினேன். வேதம் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கிறவர், அதற்கு ஓர் அடி முன்னாலும் நிற்காதவர், அவரை எடுத்துக்கொள். உலகத்துக் குழந்தைகள் எல்லாரையும் பற்றி எனக்குத் தெரியாது. அவர்களைப் பற்றி நம்பிக்கையோடு இருக்கிறேன். உன் மகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். நிறைமாதம். நல்ல எடை, நல்ல தொண்டை. உன் அத்தான் அவளைத் தூக்கினால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி தேவைப்படவில்லை. ஆனாலும் மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

உன் மார்ச் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை. அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன், அவ்வளவுதான் சொல்வேன். என் மூத்த மகளைப் பற்றி நான் இப்போது பயப்படவில்லை. அந்த விஷயம் தீர்ந்தது. பிரசவத்துக்கு லீவு எடுத்த பிறகு ஐந்து தொகுதியையும் வரிசையாகப் படித்தேன். நீ சொன்னது சரி, வரிசையாகப் படித்தால் வேறு மாதிரித்தான் இருக்கிறது. உன் பேராசிரியரோடு எனக்கு இருந்த சண்டை முடிந்துவிட்டது. உன்னோடு இருக்கிற சண்டை முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஐந்தாம் தொகுதியில் சபை நடுவில், சபை நடுவில் என்று நீ சொன்னது அப்படியே இருக்கிறது. காரணமும் இருக்கிறது, காரணம் நல்ல காரணம். ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது ஒரு வீடு, வீட்டார் இல்லாமல் சேர்ப்பது எப்படி என்கிறார். எனக்குப் புரிகிறது. ஆனால் சபை என்றால் டயர்க்கடை மாடியில் மடக்கு நாற்காலி போட்ட அறை என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. தேடிப் பார்த்தேன். விசுவாசிகள் கூடி, வார்த்தை சொல்லப்படுகிற இடம் என்றுதான் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் என்றும் இல்லை.

நீ அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். வார்டுக்கு வெளியே அவ்வளவு நீள நடை இருந்தது, பெஞ்சு இருந்தது. உன் சபை மூப்பர்கள் வந்திருப்பார்கள். பாட்டு வேண்டாம், சத்தம் வேண்டாம், பத்து நிமிஷம் நீ வேதத்தை வாசித்திருக்கலாம். எல்லாமே உன் முறைப்படி நடந்திருக்கும். முறை உன்னைத் தடுக்கவில்லை, தம்பி. அன்று உனக்குத் தோன்றவில்லை. நான் தனியாக அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

அதனால் முடிவு இது. இவளை அந்த மாடிக்கு நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். அந்தப் படிக்கட்டில் ஏற என் கால் ஒப்பவில்லை. தெய்வத்தோடு கோபம் இல்லை, உன் போதனையோடும் இல்லை. புத்தகங்களைத் திருப்பி அனுப்பவா, நீ ஆள் வைத்து எடுத்துக்கொள்கிறாயா?

அக்கா


ஜூன் 13

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூப்பர்களைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் வந்தார்கள். கடைசிப் பகுதியை, ஒரு வார்த்தை விடாமல் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். உன்னிடம் கேட்காமல் வாசித்தேன், திட்டுவதென்றால் திட்டு.

தையற்காரர் மூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "கூப்பிட்டிருந்தா வந்திருப்போமேய்யா. அன்னைக்கு மத்தியானம் நான் கடையில சும்மாதான் உக்காந்திருந்தேன்." மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். என் பதினொரு வருட ஊழியத்தில் யாரும் என்னை இப்படிப் பேசியதில்லை, அதுவும் கோபமே இல்லாமல்.

நீ சொன்னது சரி. எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் தப்பு இல்லை, தப்பு என்னுடையது.

வருகிற இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இந்த மாடியில் நடக்காது. கதவில் காகிதம் ஒட்டியாகிவிட்டது. டயர்க்கடைக்காரர் தெரிந்தவரிடம் பேசி வண்டி ஏற்பாடு செய்திருக்கிறார், தானும் வருகிறேன் என்கிறார், ஏனென்று கேட்டால் "உங்க அத்தான் எனக்கும் சினேகிதர்தானே" என்கிறார். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் வருகிறோம். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் வர வேண்டாம்.

உன்னைக் கட்டாயப்படுத்துவதற்கு இல்லை. உன் வீட்டு வாசலில் நிற்போம். நீ கதவைத் திறக்காவிட்டால் அங்கேயே வேதம் வாசித்து, உங்கள் மூன்று பேருக்காகவும் ஜெபித்துவிட்டு வண்டி ஏறிவிடுவோம். ஒருவரும் உன்மேல் குறைப்பட மாட்டார்கள், நான் சொல்லியிருக்கிறேன்.

புத்தகங்கள் உன்னிடமே இருக்கட்டும்.

தம்பி


ஜூன் 17

தம்பி,

வாசலில் நிற்க முடியாது. எங்கள் மாடி நடையில் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தைக் காலி செய்து தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். உன் அத்தான் நேற்றிலிருந்து அதைக் கழுவிக்கொண்டிருக்கிறார். எண்ணெய்க் கறை போகவில்லை, போகாது, பார்த்துக் காலை வைக்கச் சொல். நாற்காலிக்கு எங்கள் முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். பல் லேபில் இருக்கிற முக்காலிகள் எல்லாம் வரும், பிளாஸ்டர் ஒட்டியிருக்கும், வெள்ளைத் துணிக்காரர்கள் கவனம். நூலக அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன்.

"நானும் முன்னாடி வந்து நிக்கலாமா, இல்ல நம்பறவங்க மட்டும்தானா?" என்று உன் அத்தான் கேட்டார். நின்னா போதும், மத்ததை அவன்கிட்ட கேட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டேன். கேட்டால் பிரசங்கம் செய்யாதே.

கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன். ஆனால் ஒன்று எனக்கு வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஞாயிறன்று எல்லார் முன்னாலும் எனக்கு வாய் வராது.

அடக்கத்தன்று நீ ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் இந்தக் குழந்தை, இந்தக் குழந்தை என்றுதான் சொன்னாய். நாங்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் உனக்குத் தெரியும். ஞானஸ்நானத்தில் கொடுக்காத பெயர் என்பதால் சொல்லவில்லையோ, அழுதுவிடுவோம் என்று சொல்லவில்லையோ, நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால், இவள் என் இரண்டாவது மகள் என்று சொல். மூத்தவளின் பெயரைச் சொல், அவள் தேவனுடையவள் என்று எனக்கு எழுதினதை வாயால் சொல். அதன் பிறகு இவளுக்குத் தண்ணீர் ஊற்று.

சொல்லும்போது குரல் உடைந்தால் உடையட்டும். அவசரமில்லை, நாங்கள் எல்லாரும் காத்திருப்போம்.

அக்கா